மூன்றாம் கிரேடு

ஐம்பத்தைந்து இன்ச். பதினெட்டு மாதத் தவணை.
ஆம்பூர் ஏ-கஸ்பாவில் எங்கள் சந்துக்குள்
ஆட்டோ நுழையாது.
முனையிலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள்.
எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து
யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

சுவரில் மாட்டிய தஸ்தகீர்
விவிட் மோடில் ஓடவிட்டான்.
'கடையில இப்டித்தான் ஓடும். அப்டியே உட்டுடுக்கா.'
தக்காளி ரத்தமாக இருந்தது.
செய்தி வாசித்தவருக்கு மஞ்சள் காமாலை.

பதினோரு வருஷமாக
ஷூ கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கிறேன்.
வெள்ளை லைட்டுக்கு அடியில் தோலை விரித்து
உண்ணி கடித்த புள்ளி, முள் இழுத்த கோடு,
எதையும் விடாமல்
வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவது வேலை.
லைட் பொய் சொன்னால் தோலும் பொய் சொல்லும்.

ரிமோட்டை வாங்கிக்கொண்டேன்.
விவிட் போய் சினிமா மோடு வந்தது.
ஐம்பதில் இருந்த கூர்மையை
பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இறக்கினேன்.
முகங்களைச் சுற்றி ஓடிய வெள்ளை விளிம்பு மறைந்தது;
அது படத்தில் இல்லாதது,
டிவி தானாகப் போட்ட தையல்.
அசைவை வழவழப்பாக்கும் ஒன்று இருக்கிறது, அதையும் அணைத்தேன்.
அதுவரை சாவு வீட்டுக் காட்சியில்கூட
எல்லோரும் எண்ணெய்த் தரையில் வழுக்கிப் போனார்கள்.
கரண்ட்டை மிச்சம் பிடிக்கும் மோடை எடுத்தபோது
ஏசுபாதம் எழுந்துபோய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

மேற்கு ஜன்னலுக்கு என் பழைய புடவை, இரண்டாக மடித்து.
நாலு மணி வெயில் திரையில் குந்தக் கூடாது.
நாற்காலியை ஆறடிக்கு இழுத்தேன்.
'இன்னா, அவ்ளோ கிட்டவா? கண்ணு போயிடும்.'
அது பழைய டிவியின் பயம்.
இதில் தள்ளி உட்கார்ந்தால்
கட்டப்போகும் தவணையில் பாதி
கண்ணுக்கே வந்து சேராது.

கேபிள் முனிரத்தினத்தின் பெட்டிதான்
எதற்கும் மசியவில்லை.
மழையில் நனைந்த பேப்பர்போல இருந்தது படம்.
'நீ வாங்கனது பெரிய சொம்பு.
நான் ஊத்தறது அதே பால்தான்க்கா.'

ஜோயல் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான்.
எந்த நாடோ, ஒரு புல்வெளி.
காற்று போகிற திசை
ஒவ்வொரு புல்லிலும் தனித்தனியாகத் தெரிந்தது.
ஒரு பசு திரும்பி எங்களைப் பார்த்தது.

ரோமம் ரோமமாக நின்றது.
எனக்கு ரோமத்துக்கு அடியிலும் தெரிந்தது:
இடது தொடையில் கம்பி வேலி கிழித்து ஆறிய தழும்பு.
கழுத்தில் உண்ணிக் குழிகள் ஒன்பது,
இல்லை, பதினொன்று.
வயிற்றுப் பக்கம் தளர்ந்த சுருக்கம்,
அதில் ஒரு ஷூ நாக்குகூட வெட்ட முடியாது.
வலது கை தானாக
இல்லாத பேனாவைத் தேடியது.
'மூணாம் கிரேடு' என்றேன், வாய்விட்டே.
அப்பாவும் பிள்ளையும் சிரித்தார்கள்.

பசு கண் சிமிட்டியது.

தலைப்பக்கம் டேனரியிலேயே போய்விடும்.
கண்ணோடு ஒரு தோல்
என் டேபிளுக்கு வந்ததே இல்லை.

நெட் தீர்ந்துகொண்டு வந்தது.
படம் தன்னைத்தானே இறக்கிக்கொண்டது.
முதலில் ரோமம் போயிற்று,
பிறகு தழும்பு, உண்ணிக் குழி, சுருக்கம்.
பழுப்பாக ஒரு மேகம் பச்சையை மேய்ந்தது.
'படம் போச்சும்மா, டாப்-அப் போடட்டா?'
இருடா என்றேன்.
குறையே இல்லாத மாடு ஒன்றை
அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
டப்பா கழுவ உள்ளே போனேன்.
கிரிக்கெட் சத்தம் கேட்டது.
கொஞ்ச நேரத்தில்
சமையலறைச் சுவர்வரைக்கும் பச்சை அடித்தது.
ஏசுபாதம்
மறுபடி விவிட்டுக்கு மாற்றிவிட்டார்.